நேரம் கேட்க எவ்வளவு நேரம்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் மாமாவுக்குக் கொலுசுப் பட்டறை. ஒரு சலங்கை மணியின் எடை கேட்டால் ஒரே ஒரு மணியைத் தராசில் வைக்க மாட்டார். ஆயிரத்தை அள்ளிப்போட்டு, வந்ததை வகுத்துச் சொல்வார். லினக்ஸின் மையக்கருவான கெர்னலிடம் நேரம் கேட்கும் அழைப்பை அளப்பதும் இதே வித்தைதான். ஒரு அழைப்பை அளக்க இன்னொரு அழைப்பு வேண்டும். அதுவும் நேரம் தின்னும். அதனால் பத்து லட்சம் முறை ஓட்டி வகுக்கிறோம்.

போன வாரம் ஆபீஸில் தம்பி ஒருவன் வந்தான். "அண்ணா, எல்லா இடத்திலயும் கோர்ஸ் கடிகாரத்துக்கு மாத்திட்டேன். நூறு மடங்குக்கு மேல வேகம்!"

கோர்ஸ் என்பது லினக்ஸில் துல்லியம் குறைந்த, ஆனால் சட்டென்று பதில் சொல்லும் கடிகாரம். பெஞ்ச்மார்க், அதாவது அவன் ஓட்டிய வேகச் சோதனை, பொய் சொல்லவில்லை. ஆனால் என் கண் மாற்றுவதற்கு முன்பிருந்த வழக்கமான கடிகாரத்தின் எண்ணில் நின்றது: ஒரு அழைப்புக்கு ஒரு மைக்ரோ விநாடிக்கும் (1000 நானோ விநாடி) மேல். நல்ல நிலையில் இருக்கும் இன்டெல் மெஷினில் இது 20, 30 நானோ விநாடிதான் ஆக வேண்டும். விடிஎஸ்ஓ (ஒவ்வொரு ப்ரோகிராமுக்குள்ளும் கெர்னல் வைத்துத் தரும் சிறு கோட்) வழியாக, கெர்னலுக்குள் போகாமலே, சிபியுவுக்குள் ஓடும் டிஎஸ்சி என்ற கவுண்டரைப் படித்து முடித்துவிடும். பார்த்தால், பூட் ஆகும்போதே கெர்னல் டிஎஸ்சியை நம்பமுடியாது என்று ஒதுக்கிவிட்டு ஹெச்பெட் என்ற வேறொரு டைமருக்கு மாறியிருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் முழு சிஸ்டம் கால் (கெர்னலுக்குள் போய் வரும் அழைப்பு), அதற்கு மேல் சிபியுவுக்கு வெளியே இருக்கும் டைமரைப் படிக்கும் செலவு. 2018இல் மெல்ட்டவுன் என்ற சிபியு பாதுகாப்பு ஓட்டையை அடைத்த பிறகு பழைய சிபியுக்களில் சிஸ்டம் காலே முன்பைவிடக் கனம். தம்பி ஜெயித்தது நொண்டிக் குதிரையோடு ஓடி.

கோர்ஸ் கடிகாரம் டிக்குக்கு, அதாவது கெர்னலின் டைமர் துடிப்புக்கு, ஒருமுறைதான் நகரும். 250 ஹெர்ட்ஸ் கெர்னலில் 4 மில்லி விநாடிக்கு ஒருமுறை. ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுப் பலகையை மட்டும் பார்த்து இடம் சொல்வது மாதிரி. மொத்தம் 20 வளைவு. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே எங்கே வண்டி நின்றாலும் பதில் எட்டுதான். நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக் வரிக்கு அது தாராளம். ஆனால் ரெக்வெஸ்ட் எவ்வளவு நேரம் எடுத்தது என்ற கணக்கையும் அதிலேயே போட்டிருந்தான். பாதி ரெக்வெஸ்ட் பூஜ்யம், மீதி 4. டாஷ்போர்டைப் பார்த்த மேனேஜருக்கு ஒரே சந்தோஷம், அது வேறு கதை.

என்னைக் கேட்டால், எந்த கிளாக்சோர்ஸ் (டிஎஸ்சியா, ஹெச்பெட்டா) என்று சொல்லாத நேர பெஞ்ச்மார்க்கைப் படிக்கவே கூடாது. சிபியுவின் ஒரே கோரில் கட்டி ஓட்டினானா, சிபியு வேகம் ஏறி இறங்காமல் நிறுத்தினானா என்பதும் வேண்டும். வெறும் சராசரி போதாது, மீடியனையும் (நடு மதிப்பு) 99ஆவது பெர்சென்டைலையும் (நூற்றில் 99 அளவுகள் அடங்கும் எல்லை) காட்டு. தம்பி லேப்டாப்பில், பேட்டரியில் ஓட்டியிருந்தான்.

மெஷினைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்ததும் டிஎஸ்சி திரும்பி வந்தது. கோர்ஸ் இப்போது லாக்கில் மட்டும் இருக்கிறது.