பெட்டி வாங்காதீர்கள், படியை இறக்குங்கள்

வீட்டுவழிக் கல்வியைத் தொடங்கப்போகும் பெற்றோர் பலரும் என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் செயல்முறைப் பெட்டி வாங்கலாம் என்பதைத்தான். பிளாஸ்டிக் துண்டுகளும் வண்ண அட்டைகளும் நிரப்பி ஆயிரக்கணக்கில் விலை போடுகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். மதுரையில் குடியிருந்துகொண்டு இதற்குப் பணத்தைக் கொட்டுவது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பரணில் கிடக்கும் படியையும் ஆழாக்கையும் இறக்குங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசியை அள்ளிக் கொட்டி அளக்கும் பிள்ளைக்கு அரை, கால், அரைக்கால் மூன்றும் கையிலேயே பிடிபட்டுவிடும். 1/8 என்பது 1/4-ஐவிடப் பெரியது என்ற குழப்பம் பிறகு எட்டிப் பார்க்காது.

கடலை மிட்டாய் இன்னும் பெரிய பாடம். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு கப், பொடித்த வெல்லம் முக்கால் கப், தண்ணீர் கால் கப். வெல்லம் கரைந்ததும் வடிகட்டினால் மண்ணும் தூசியும் மேலே தங்கும். கரைவது எது, கரையாதது எது என்று சொல்லித்தர வேறு சோதனை வேண்டாம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாகில் நீர் வற்றி வெல்லம் செறியச் செறிய, கொதிநிலை அதையும் தாண்டி ஏறிக்கொண்டே போகும். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் முதலில் கரையும், பிறகு மெத்தென்று உருளும், கடைசியில் தட்டில் போட்டால் ஓசை எழுப்பும். அதுதான் பதம். அடுப்பருகே நிற்க வேண்டியது பெரியவர்கள்; பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். கிண்ணத்து நீரில் ஆறிய உருண்டையைத் தொட்டுப் பார்த்துப் பதம் சொல்வது பிள்ளையின் பொறுப்பு. மிட்டாய் பிசுபிசுத்துப் போனாலும் திட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். “தண்ணீர் மிச்சம் இருக்கிறது” என்று அதுவே சொல்லும்.

பத்துக் கணக்குப் போட்டால் ஒரு பிஸ்கட் என்று பேரம் பேசும் பழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். தின்பண்டம் கூலியாகக் கூடாது. செய்தவர்கள் உட்கார்ந்து தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

சான்றிதழுக்காகக் கவலைப்படுகிறவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம்.

வெளியே போக வேண்டுமென்றால் கீழடி பக்கத்திலேயே இருக்கிறது. 2023-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பிள்ளைகள் ஆடிய வட்டச் சில்லுகள், தாயக்கட்டை, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ‘ஆதன்’ என்று பெயர் கீறிய பானை ஓடு எல்லாம் அங்கே கிடைத்தவை. வீடு திரும்பியதும் உடைந்த பானை ஓட்டைத் தரையில் தேய்த்துச் சில்லு செய்யட்டும், தன் பெயரைத் தமிழியில் கீறட்டும், முற்றத்தில் பாண்டி ஆடட்டும். களிமண் பிசைவதைப் பார்க்க, மதுரையை ஒட்டிய பொம்மைக் கலைஞர்களின் ஊரான விளாச்சேரிக்குப் போகலாம். நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் பொம்மை வேலை மும்முரமாக நடக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். பாகு இறுகிய சட்டியைக் கழுவுவதும் பாடத்தில் சேர்ந்ததுதான், ஆண்பிள்ளைக்கும் அது உண்டு. “பையனைப் போய் அடுப்படியில் விடுகிறாயே” என்று வருத்தப்படும் பெரியம்மாக்களுக்கு என் பதில் இதுதான்: எங்கள் வீட்டில் மகனும் மகளும் முறை வைத்துக் கழுவுகிறார்கள். தேய்த்துத் தேய்த்துக் கை வலித்தபோது, வெந்நீர் ஊற்றி ஊறவைத்தால் பாகு தானே கரைந்துவிடும் என்று கண்டுபிடித்தவன் அந்தப் பையன்தான்.