ஜெனீவா ஒரு மார்க் கேள்வியாகவே இருக்கட்டுமா?

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் பொருளியல் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். இரண்டாவது பாடம் உலகமயமாதலும் வர்த்தகமும். காட் என்ற பழைய உலக வர்த்தக ஒப்பந்தம், அதைத் திருத்திய உருகுவே சுற்றுப் பேச்சு, அதிலிருந்து பிறந்த உலக வர்த்தக அமைப்பு எல்லாம் அதில் வரும். ஐந்தாவது பாடம் தமிழ்நாட்டின் தொழில் தொகுப்புகள். திருப்பூர் அங்கே வரும். இரண்டுக்கும் நடுவில் உணவுப் பாதுகாப்பும் வரியும். ஊர் பெருத்த கதை வேண்டுமென்றால் புவியியலுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் எல்லாவற்றையும் படிக்கிறார்கள். ஜெனீவா என்றால் உலக வர்த்தக அமைப்பின் தலைமையகம், 1995 என்றால் அதன் தொடக்கம், பின்னலாடை என்றால் திருப்பூர். பொருத்துக பகுதியில் முழு மதிப்பெண். ஆனால் ஜெனீவாவில் எழுதிய ஒரு விதிக்கும், தன் அம்மா செக்கிங் வேலைக்குப் போகும் கம்பெனிக்கும் தொடர்பு உண்டு என்பது, திருப்பூர் பக்கத்துப் பிள்ளைக்கே தெரியாமல் பள்ளிப் படிப்பு முடிந்துவிடுகிறது.

சில வருஷமாக நான் இந்தப் பாடங்களைத் தனித்தனியாக நடத்துவதில்லை. ஒரே ஊரை வைத்து நடத்துகிறேன். எனக்கு ஊர் திருப்பூர். எல்லா ஆசிரியர்களும் இப்படித்தான் நடத்த வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1970-களின் கடைசி வரை இது உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்த ஊர். 1978 வாக்கில் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி பம்பாய் வழியாக இங்கே வந்து சரக்குக் கேட்டார், அதிலிருந்துதான் எக்ஸ்போர்ட் பிறந்தது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். புத்தகங்களிலும் அந்தப் பெயர் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி இது, ஏனென்றால் இதில் ஆள் வருகிறார். ஆனால் வெரோனா வருவதற்கு முன்பே வேறொன்று வந்திருந்தது. காட் நாடுகள் ஜெனீவாவில் எழுதிய பல்லிழை ஒப்பந்தம் என்று ஒன்று 1974-இல் அமலானது. எந்த நாட்டிலிருந்து எத்தனை சட்டை வாங்கலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் வருஷா வருஷம் அளவு குறித்துக்கொள்ள அது வழி செய்தது. அதுதான் கோட்டா.

கோட்டா காலத்தில் தொழில் செய்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை வகுப்புக்குக் கூட்டி வந்து பேச வைத்தால் புத்தகமே வேண்டாம். நல்ல துணியும் தையலும் இருந்தாலும் கையில் கோட்டா இல்லையென்றால் கப்பல் ஏற்ற முடியாது. முந்தைய வருஷம் எவ்வளவு அனுப்பினோம் என்ற கணக்கை வைத்துத்தான் பெரும்பாலும் பங்கு கிடைக்கும். அதனால் கோட்டா கையில் உள்ளவர் தைக்காமலே அதை இன்னொருவருக்கு விற்றுக் காசு பார்த்த காலமும் உண்டு. ஏற்றுமதிக்கே ஓர் உச்சவரம்பு இருக்கும்போது ஆயிரம் மெஷின் போட்டுப் பெரிய ஃபேக்டரி கட்டுவதில் யாருக்கு லாபம்? சின்னச் சின்ன யூனிட்டுகள், ஜாப் ஒர்க், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம் என்று ஊர் பிரிந்து வளர்ந்ததற்குக் காரணம் பல. கோட்டாவும் அதில் ஒன்று. ஒரு தெருவில் நாலு ஓவர்லாக் மெஷினோடு ஒரு வீடு ஏன் இருக்கிறது என்பதற்கான விடையில் ஒரு பகுதி ஜெனீவாவில் இருக்கிறது என்று சொல்லும்போது பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1995-இல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. பத்து வருஷத்தில் கோட்டாவைப் படிப்படியாக எடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம். 2005 ஜனவரி 1-இல் அது முற்றாக ஒழிந்தது. அந்தத் தேதியை மட்டும் நான் போர்டில் பெரிதாக எழுதுவேன். மனப்பாடம் செய்ய அல்ல, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஊரை இரண்டாகப் பார்க்க. தடை நீங்கியதும் பெரிய ஷெட்டுகள் எழுந்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து முன்பே வந்தவர்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்களும் வந்தார்கள். லைன் வீடுகளின் வாடகை ஏறியது. 2001 கணக்கெடுப்பில் திருப்பூரும் ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து சுமார் 5.5 லட்சம் பேர். 2011-இல் சுமார் 9.6 லட்சம். நடுவில் 2008-இல் மாநகராட்சி ஆனது, 2009-இல் தனி மாவட்டமும் ஆனது. புவியியல் புத்தகத்தில் "வேலைவாய்ப்பு காரணமாக மக்கள் நகரங்களுக்கு இடம்பெயர்கின்றனர்" என்று ஒரே வரியில் முடிந்துபோகிற சமாசாரம் இது. அந்த வேலைவாய்ப்பு எங்கிருந்து வந்தது என்று அந்த வரி கேட்பதில்லை.

அத்தனை பேருக்கும் தண்ணீர்? சாயத்துக்குத் தண்ணீர்? லாரித் தண்ணீர் வாங்கியே தொழில் நடந்த ஊர் இது. அதற்காகத்தான் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் என்று ஒரு கம்பெனியை ஆரம்பித்தார்கள். தமிழக அரசு, ஏற்றுமதியாளர் சங்கம், ஐ.எல்.எஃப்.எஸ். நிதி நிறுவனம் எல்லாம் அதில் சேர்ந்தன. பவானி அருகே காவிரியில் எடுத்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். சுமார் 1,000 கோடி ரூபாய்ச் செலவு. இந்தியாவில் தண்ணீருக்குத் தனியார் பணம் இந்த அளவில் இறங்கிய முதல் திட்டங்களில் ஒன்று. வாஷிங்டனில் இருந்த யுஎஸ்எய்டு என்ற அமெரிக்க அரசு அமைப்பு ஜாமீன் நின்றதால் அமெரிக்கச் சந்தையிலிருந்தும் இதற்குக் கடன் வந்தது. கோட்டா ஒழிந்த அதே 2005-இல் தண்ணீரும் வந்தது. சாயப்பட்டறை கூடுதல் விலை கொடுக்கும், அந்தப் பணத்தில் வீட்டுக் குழாய்க்கு மலிவாகக் கிடைக்கும் என்பது கணக்கு.

இந்த இடத்தில் நின்று நிதானமாக நடத்த வேண்டும். அவசரப்பட்டால் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். வெளிநாட்டுப் பணம் வந்தது, ஊர் முன்னேறியது என்று ஒரு கட்சி. வெளிநாட்டுக்காரன் நம்ம தண்ணியை வித்துட்டான் என்று இன்னொரு கட்சி. முகநூலில் நாம் போடும் சண்டையும் இதேதான். நடந்ததைப் பார்த்தால் இரண்டு கட்சிக்கும் பிடிக்காது. தண்ணீர் வந்தது உண்மை. சாயத் தண்ணீர் நொய்யலில் போனதும் உண்மை. கீழே விவசாயத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியாக மாறியது. பாசனம் பெற வேண்டிய விவசாயிகளே அணையைத் திறக்காதே என்று போராடிய கொடுமை வேறெங்காவது உண்டா தெரியவில்லை. அவர்கள்தான் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேல் பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. பிறகு ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என்ற முறைக்கு மாறித்தான் திறந்தார்கள். கழிவையே சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த ஆரம்பித்ததும் காவிரித் தண்ணீருக்குத் தொழிற்சாலைகளின் தேவை குறைந்தது. சாயப்பட்டறை கூடுதல் விலைக்கு வாங்கும் என்று போட்ட கணக்கு தடுமாறியது. 2018-இல் ஐ.எல்.எஃப்.எஸ். கடனைக் கட்ட முடியாமல் நாடே அதிரும்படி விழுந்தது. ஜாமீன் நின்ற யுஎஸ்எய்டு 2025-இல் மூடப்பட்டது. குழாய் மட்டும் பூமிக்கடியில் இருக்கிறது.

ஜெனீவா, வாஷிங்டன், காவிரி, கோர்ட், ஒரத்துப்பாளையம். இதில் எதை விட்டாலும் மிச்சம் புரியாது. ஒரு பாடப்புத்தகம் இதை ஒரே அத்தியாயமாக எழுதினால் என்ன கெட்டுப்போகும்?

ஐ.நா. பாடத்துக்கு நான் வைத்திருக்கும் பொருள் இன்னும் சின்னது. சட்டையின் கழுத்துக்குள் இருக்கும் லேபிள். வீட்டில் உள்ள துணிகளைப் புரட்டி வெளிநாட்டு லேபிள் இருந்தால் குறித்து வரச் சொன்னால், மேட் இன் பங்களாதேஷ் நிச்சயம் வரும். திருப்பூரில் பனியன் தைக்கிற வீட்டிலேயே வங்கதேசத்துச் சட்டை எப்படி? மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள் என்று ஐ.நா. ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வங்கதேசம் 1975 முதல் அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள நாடுகளின் சரக்குக்கு, ஆயுதம் தவிர, 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வரி போடுவதில்லை. நம் ஆடைகளுக்கோ 9 சதவீதத்துக்கு மேல் வரி. நம்மூர் மில்லில் நூற்ற நூலே டாக்கா போய், அங்கே சட்டையாகி, வரியில்லாமல் ஜெர்மனி போகும். அதே நூலில் இங்கே தைத்த சட்டை வரி கட்டிப் போகும். ஒரு பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாததும் இரண்டு ஊர்களின் கூலியை எப்படிப் பாதிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட என்னால் முடியாது. 2026 நவம்பரில் வங்கதேசம் அந்தப் பட்டியலிலிருந்து வெளியேற வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை நாள் குறித்தது. ஏழை நாடு என்ற பட்டத்தை இழப்பதற்கு ஒரு நாடு ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்க வைக்கும் கேள்வி அது.

அப்புறம் 2025. ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு, ஏற்கெனவே உள்ள வரிக்கு மேல் 50 சதவீதம் என்றது அமெரிக்கா. அதில் பாதி, நாம் ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. அந்த 50 சதவீதம் 2026 பிப்ரவரி வரைதான் நீடித்தது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. நாலு டாலர் மதிப்புள்ள ஒரு பருத்தி டீ-சர்ட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போடச் சொன்னேன். வழக்கமான 16.5 சதவீதத்துக்கு 66 சென்ட். கூடுதல் 50 சதவீதத்துக்கு 2 டாலர். மொத்தம் 2.66. வங்கதேசத்துக்கு அப்போது கூடுதல் 20 சதவீதம்தான், மொத்தம் 1.46. ஒரு சட்டைக்கு 1.20 டாலர் வித்தியாசம். பனியன் கம்பெனியில் ஒரு பீஸுக்குச் சில ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்களின் பிள்ளைகள் அவர்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சில பேர் வீட்டில் அந்த வாரமே ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகியிருந்தது.

"அப்ப டபிள்யூ.டி.ஓ. கேக்காதா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. எல்லா உறுப்பு நாட்டையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதுதான் டபிள்யூ.டி.ஓ. என்கிற உலக வர்த்தக அமைப்பின் முதல் விதி. ஆனால் வழக்கில் இறுதித் தீர்ப்புச் சொல்ல வேண்டிய மேல்முறையீட்டு அமைப்புக்கு, புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்காததால், 2019 டிசம்பர் முதல் அது செயல்படவில்லை. சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து, "அப்ப அதுக்கு எதுக்கு சார் ஜெனீவால கட்டடம்?" என்று வந்தது. சிரித்துவிட்டு, கோட்டாவை ஒழித்ததும் அதே கட்டடம்தான்டா என்றேன்.

சர்வதேச அமைப்புகளை நம் பாடங்கள் கோயில் மூலவர் போல வைத்துவிடுகின்றன. பெயர், ஸ்தல வரலாறு, அமைவிடம் தெரிந்தால் போதும் என்ற நிலை. அவை எப்போது வேலை செய்கின்றன, எப்போது செய்வதில்லை, யார் பேச்சைக் கேட்கின்றன என்பதைச் சொல்லாமல் நோக்கங்கள் ஐந்து என்று எழுத வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தனியார் பள்ளிகளில் மாதிரி ஐ.நா. சபை நடத்துகிறார்கள், கோட்டு போட்டுக்கொண்டு பிரான்ஸ் பிரதிநிதியாகப் பேசுகிறார்கள். மேடைக் கூச்சம் போகும், அதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பிரான்ஸுக்காகப் பேசுகிற பிள்ளைக்குத் தன் தெருக் குழாய்க்கு யார் கடன் கொடுத்தார்கள் என்று தெரிந்தால் நல்லது.

திருப்பூருக்குத்தான் இது பொருந்தும் என்று ஒரு நண்பர் சொன்னார். ஆலந்தூரில் ஒரு பள்ளி இருந்தால் பாதாளச் சாக்கடையை வைத்து நடத்தட்டும். 1990-களின் கடைசியில் வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கட்டி, உலக வங்கிப் பணம் சேர்ந்த மாநில நகர்ப்புற நிதியத்தில் கடன் வாங்கி, அந்த நகராட்சி போட்ட சாக்கடை அது. அரும்பாக்கம், வில்லிவாக்கம் ஆசிரியர்களுக்கு இன்னும் எளிது. 1977-இல் தொடங்கிய உலக வங்கித் திட்டத்தில் வெறும் மனையும் வசதியும் கொடுத்து மக்களையே வீடு கட்டிக்கொள்ளச் சொன்ன பகுதிகள் அங்கே இருக்கின்றன. பிள்ளைகளில் பாதிப் பேரின் தாத்தா பாட்டி அதில் மனை வாங்கியவர்களாக இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூருக்கு 2006-இல் உற்பத்தி தொடங்கி 2014-இல் மூடிய நோக்கியா இருக்கிறது. மெட்ரோ கட்டுகிற தெருவில் ஜப்பான் கடன் இருக்கிறது.

போர்ஷன் முடியாது என்பதுதான் ஸ்டாஃப் ரூமில் முதலில் வருகிற எதிர்ப்பு. நியாயம்தான், பப்ளிக் எக்ஸாம் கழுத்தில் நிற்கிறது. நான் செய்வது இதுதான். இரண்டாம் பாடத்தையும் ஐந்தாம் பாடத்தையும் அடுத்தடுத்து வைத்துவிடுவேன், வரிசையை மாற்றுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஒரு மார்க் கேள்விகளை வகுப்பில் படிக்க வைப்பதில்லை, அச்சடித்த தாளாகக் கொடுத்துவிடுவேன், வீட்டில் படித்து வந்துவிடுகிறார்கள். அதில் மிச்சமாகிற பீரியடுகள் இதற்குப் போதும். 2005-க்கு முன்னும் பின்னும் உள்ள மாநகர வரைபடம், பழைய தண்ணீர் வரி ரசீது, ஒரு லேபிள், ஒரு கால்குலேட்டர், கோட்டா காலத்தைப் பார்த்த ஒரு பெரியவர். வேறு செலவில்லை. வரைபடமும் கணக்குத் தாளும் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமென்கிற ஆசிரியர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். ஆம்பூர், சிவகாசி, தூத்துக்குடி பக்கம் யாராவது இதே மாதிரி ஒன்று தயாரித்திருந்தால் எனக்கும் அனுப்புங்கள்.