மார்மன்னா நாலு பொண்டாட்டியா? இல்லைங்க

‘சீக்ரெட் லைவ்ஸ் ஆஃப் மார்மன் வைவ்ஸ்’ ஷோல வர்ற பொண்ணுங்க எல்லாம் ஒரே ஆளோட பொண்டாட்டிங்க, மார்மன்ல (அமெரிக்காவுல தொடங்கின ஒரு கிறிஸ்தவப் பிரிவு) இன்னைக்கும் பலதாரம் சகஜம்னு ஒரு பேச்சு சுத்திட்டு இருக்கு. ரெண்டுமே தப்பு. 2024ல ஹுலுங்கற ஸ்ட்ரீமிங் தளத்துல வந்த அந்த ஷோ, அமெரிக்காவோட யூட்டா மாநிலத்துல டிக்டாக் வீடியோ போட்டு ஃபேமஸான அம்மாக்கள் பத்தினது, அவங்கவங்களுக்குத் தனித்தனி குடும்பம்.

2010ல டிஎல்சி டிவி சேனல்ல ஆரம்பிச்ச ‘சிஸ்டர் வைவ்ஸ்’ ஷோ கூட இத போட்டு குழப்பிக்கிறாங்கன்னு நினைக்கிறேன். அதுல வர்ற கோடி பிரவுன்ங்கறவருக்கு நாலு மனைவி இருந்தாங்க, நிஜம்தான். ஆனா அவங்க இருந்தது அப்போஸ்டலிக் யுனைடெட் பிரெத்ரன்ங்கிற, மார்மன்ல இருந்து பிரிஞ்சுபோன தனிப் பிரிவு, யூட்டாவோட சால்ட் லேக் சிட்டில தலைமையகம் இருக்கற பெரிய மார்மன் சர்ச் இல்ல. சட்டப்படி பாத்தா அவருக்கும் ஒரு நேரத்துல ஒரே மனைவிதான், 2014ல முதல் மனைவிய பேப்பர்ல டைவர்ஸ் பண்ணிட்டு நாலாவது மனைவிய ரெஜிஸ்டர் பண்ணாரு, அவங்களோட முந்தைய கல்யாணத்துல பொறந்த மூணு பசங்கள தத்தெடுக்கறதுக்காக.

பெரிய சர்ச்லயும் ஒரு காலத்துல பலதாரம் இருந்துச்சு, அத மறைக்க வேணாம். 1890ல தலைவர் வில்ஃபோர்ட் வுட்ரஃப் நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டாரு, அப்பவும் சிலர் ரகசியமா பண்ணிட்டே இருந்ததால 1904ல இன்னொரு அறிக்கை. இன்னைக்கு பண்ணா சர்ச்ச விட்டே நீக்கிடுவாங்க. அப்படி இருக்க அந்த மதத்துப் பொண்ணுங்கள பாத்து ‘உன் புருஷனுக்கு எத்தனை’ன்னு கமெண்ட் போடறது ரொம்பக் கஷ்டமா இருக்குங்க.

2020ல யூட்டால பலதாரம் லீகல் ஆயிடுச்சுங்கறதும் தப்பு, விருப்பப்பட்டு சேந்து வாழற பெரியவங்களுக்குத் தண்டனைய குறைச்சாங்க, அவ்ளோதான்.