அரை மணி நேரத்தின் விலை 170 ரிங்கிட்

"அரை மணி நேரம்தானே, அதற்குப் போய் முதலாளியோடு மல்லுக்கு நிற்பதா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். சாப்பாட்டு நேரம் கொடுக்காமல் வேலை வாங்கும் கடைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், கொடுக்காதவரை விட்டுவிட்டுக் கேட்டவரையே குறை சொல்வதில்தான் அந்தப் பேச்சு முடிகிறது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையின் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், அந்த அரை மணி நேரத்தை ஏட்டில் எழுதினால் என்ன வருகிறது என்று முதலில் காட்டிவிடுகிறேன்.

நாட்டில் இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், மற்ற முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதலும் இது நடப்புக்கு வந்தது. வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் இன்றைய உச்ச வரம்பு. 2023 ஜனவரிக்கு முன்பு அது 48 ஆக இருந்தது. வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம். மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம், அதை ஏழரையால் வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். இடைவேளையிலும் வேலை வாங்கினால் அது வழக்கமான வேலை நேரத்துக்கு மேற்பட்ட ஓவர்டைம் ஆகிறது. அதற்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு ஏறக்குறைய 13 ரிங்கிட் 8 சென் கொடுக்க வேண்டும். நாளுக்கு அரை மணி வீதம் 26 நாளுக்கு 13 மணி நேரம் சேர்கிறது. பெருக்கிப் பாருங்கள், 170 ரிங்கிட் வரும். மாதச் சம்பளத்தில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. ஆண்டுக் கணக்கில் 2,040 ரிங்கிட், ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகை, யாரும் கையெழுத்துப் போடாமலேயே தொழிலாளியின் கையிலிருந்து முதலாளியின் கல்லாவுக்குப் போய்விடுகிறது.

இடைவேளை என்பது முதலாளி மனமிரங்கித் தரும் சலுகை என்று நினைப்பவர்களுக்காகச் சட்டத்தில் உள்ளதையும் சொல்கிறேன். வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவின்படி, 30 நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு தராமல் யாரையும் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 30 நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளியை அந்தச் சட்டம் ஓய்வாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே தேத்தண்ணீர் குடிக்கப் பத்து நிமிடம், கழிவறைக்குப் பத்து நிமிடம் என்று கூட்டிக் காட்டி "இடைவேளை கொடுத்துவிட்டேன்" என்று சொல்ல இடமில்லை. நிறுத்தாமல் நடந்தாக வேண்டிய, ஆள் விலகாமல் கூடவே இருக்க வேண்டிய வேலைகளில் மட்டும் எட்டு மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கலாம். அங்கும் சாப்பிடுவதற்கென்று மொத்தம் 45 நிமிடமாவது அந்த எட்டு மணி நேரத்துக்குள்ளேயே கொடுக்க வேண்டும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கும் பலருக்கு ஓவர்டைம் பணம் கேட்கும் உரிமை இல்லை என்பது உண்மைதான். ஓய்வு நேரத்துக்கு அந்த 4,000 ரிங்கிட் வரம்பு கிடையாது.

ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு பெண் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். கடையின் பின்புறம் புடவைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் முக்காலிதான் அவருடைய சாப்பாட்டு இடம். உணவுப் பெட்டியைத் திறந்து இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் முன்னாலிருந்து "தங்கச்சி, ஆள் வந்திருக்கு!" என்று குரல் வரும்; மூடி வைத்துவிட்டுப் போய், பத்துப் புடவைகளை விரித்துக் காட்டி, மடித்து வைத்துவிட்டுத் திரும்பும்போது சோறு ஆறிப் போயிருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தப் பெட்டி திறக்கப்படாமலேயே வீட்டுக்குத் திரும்பி வரும் நாள்களும் உண்டு. ஆனால் வருகைப் பதிவேட்டைப் படமெடுத்து வந்து என்னிடம் காட்டினார். அதில் அவருக்கு ஒவ்வொரு நாளும் மதியம் 1.00 முதல் 2.00 வரை ஓய்வு என்று எழுதியிருக்கிறது. அவருக்கு மட்டுமல்ல, கடையில் உள்ள அத்தனை பேருக்கும் அதே 1.00, அதே 2.00, அதே நீல மை, அதே கையெழுத்து.

சம்பளக் கணக்கு எழுதியவர்களுக்கு இதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விட்டால் அந்த ஒரு மணி நேரம் கடையில் துணி எடுத்துக் காட்டியது யார், பில் போட்டது யார்? கல்லாவில் அச்சாகும் ரசீது ஒவ்வொன்றிலும் நேரம் இருக்கிறது; அட்டை வழியாகக் கட்டிய பணத்திலும் நேரம் இருக்கிறது; 1.20க்கு "அந்தப் பச்சைப் பட்டு எந்த அடுக்கில்?" என்று முதலாளி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய செய்தியும், 1.21க்கு இவர் அனுப்பிய பதிலும் கைப்பேசியில் இருக்கின்றன. பொய்க் கணக்கு எழுதுகிறவர்கள் ஏட்டை மட்டும்தான் திருத்துகிறார்கள். மற்றவை அப்படியே கிடக்கின்றன.

இந்தப் பதிவில் நான் வலியுறுத்த வருவதும் இதைத்தான். இடைவேளையோ சம்பளமோ மறுக்கப்படுகிறவர் கோபப்படுவதற்கு முன்னால் கணக்கு எழுதத் தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் பினாங்கு வீதிக் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடைக் கூடத்தில், கைப்பெட்டிக்கு முன் உட்கார்ந்து பேரேடு எழுதிய செட்டியார், கடன் வாங்கியவர் உறவா பகையா என்று பார்த்துக் கணக்கு எழுதியதில்லை. வேலை வாங்கிவிட்டுக் கூலி தராதவர் நமக்குக் கடன்பட்டவர். அவரை அந்தக் கண்ணோடு பார்த்தால் போதும். வேலைக்கு வந்த நேரம், சாப்பிட உட்கார்ந்த நேரம், எழுப்பப்பட்ட நேரம், வீட்டுக்குப் புறப்பட்ட நேரம் ஆகியவற்றை அன்றன்றே சொந்தக் கையெழுத்தில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதிய கணக்கை எதிர்த்தரப்பு எளிதாக உடைத்துவிடும். அன்றாடம் எழுதியதில் ஓரிரு நாள் விடுபட்டிருந்தாலும் நம்பகம் இருக்கிறது. சம்பளப் பதிவேட்டை ஆறு ஆண்டுகளுக்குப் பாதுகாத்து வைக்கும் கடமை முதலாளிக்குச் சட்டப்படி உண்டு. சம்பளச் சீட்டு தருவதும் அவருடைய கடமை. அதைத் தராமல் உறையில் ரொக்கம் வைத்துக் கொடுத்து, தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்து வாங்கும் வழக்கத்துக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இணங்காதீர்கள்.

இங்கே குறுக்கே வந்து நிற்பது சட்டம் தெரியாமை என்பதைவிட உறவுமுறைதான் என்பது என் எண்ணம். நம்மவர் கடைகளில் முதலாளியை "அண்ணே" என்றும், அவர் மனைவியை "அக்கா" என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டு, அந்த அண்ணனிடம் போய் "எனக்கு ஓவர்டைம் எங்கே?" என்று கேட்க நாக்கு எழுவதில்லை. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு அவர் 300 ரிங்கிட் முன்பணம் கொடுத்திருப்பார், அப்பா இறந்தபோது வீட்டுக்கு வந்து நின்றிருப்பார், தீபாவளிக்கு உறையில் 100 ரிங்கிட் வைத்துக் கொடுத்திருப்பார். அவையெல்லாம் பொய்யில்லை, அப்படிப்பட்ட நல்ல மனிதர்களை நானும் அறிவேன். ஆனால் அந்த 300 ரிங்கிட் முன்பணத்தை மாதா மாதம் ஒரு சென் பிசகாமல் பிடித்துக்கொள்ளத் தெரிந்த அண்ணனுக்கு, தம்பி தங்கச்சிக்குத் தர வேண்டிய 170 மட்டும் எப்படி மறந்து போகிறது என்பதுதான் எனக்கு விளங்காத கணக்கு. மே தின மேடைகளில் 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றியும், 1949இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதியைப் பற்றியும் நரம்பு புடைக்கப் பேசுகிறோம். அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு பரிமாற வந்த பையன்களுக்குப் பொது விடுமுறைச் சம்பளம் கிடைத்ததா என்று கேட்பார் இல்லை.

சம்பளத்தையே தாமதிப்பது, பிடிப்பது என்பவை இடைவேளையைவிடத் தெளிவான விவகாரங்கள். மாதக் கடைசிக்குப் பிறகு ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். ஓவர்டைம் பணத்துக்கு அடுத்த மாதக் கடைசி வரை அவகாசம் உண்டு. தட்டு உடைந்தது, கல்லாவில் பணம் குறைந்தது, கால் மணி நேரம் தாமதமாக வந்தாய் என்றெல்லாம் அபராதம் போட்டுச் சம்பளத்தில் கைவைப்பதற்குச் சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்களின் பட்டியலில் இடமே கிடையாது. ஊழியர் சேமநிதிக்கென்று உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காட்டைப் பிடிக்கிறார்கள் என்றால், அதுவும் முதலாளியின் பங்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் உங்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். கைப்பேசியில் நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளலாம், இன்றிரவே பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது தாமதம் அல்ல, தண்டனைக்குரிய குற்றம்.

கணக்குக் கையில் இருந்தால் அடுத்த படி கடினமானதல்ல. முதலில் முதலாளிக்கு மரியாதையாக, தேதியும் தொகையும் குறிப்பிட்டு, எழுத்தில் ஒரு முறை கேளுங்கள். புலனத்தில் அனுப்பினாலும் அது எழுத்துத்தான். "உனக்கு இங்கே என்ன குறை வைத்தேன்?" என்று அவர் பதில் அனுப்பினால்கூட, நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி. பிறகு தொழிலாளர் துறை, அதாவது நாம் 'லேபர் ஆபிஸ்' என்று சொல்லும் ஜேடிகே அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. அதிகாரி இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார். தொழிலாளர் நீதிமன்றம் என்று சொல்லப்படுவது அந்த விசாரணையைத்தான். "இவர் என் ஊழியரே இல்லை, பகுதி நேரமாக வந்து உதவி செய்தவர்" என்பது முதலாளிகள் அங்கே வழக்கமாக எடுக்கும் முதல் அம்பு. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை நேரத்தையும் வேலை செய்யும் விதத்தையும் கட்டுப்படுத்தியவரை முதலாளி என்றே அனுமானிக்கலாம் என்று 2022 திருத்தத்தில் வந்த 101சி பிரிவு சொல்வதால், அந்த அம்பு இப்போது முன்போல் பாய்வதில்லை.

புகார் கொடுக்கும் முன்பே கடையின் பெயரைப் போட்டு முகநூலில் எழுதுவதை நான் ஆதரிப்பதில்லை. பலர் இதில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நூறு பேர் பகிர்ந்து ஆறுதல் சொல்வார்கள், மறுநாள் அவதூறு வழக்கு என்று ஒரு கடிதம் வரும், சம்பளப் பாக்கி அப்படியே நிற்கும்.

வேலையை விட்டு நீக்கினால் மட்டும் ஒரு நாளையும் வீணாக்காதீர்கள். நியாயமின்றி நீக்கப்பட்டவர் மீண்டும் வேலையில் சேர்க்கக் கோருவது 1967 ஆம் ஆண்டுத் தொழில்துறை உறவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்குப் போக வேண்டிய இடம் தொழில்துறை உறவுத் துறை. அவகாசம் நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள். சம்பளப் பாக்கிக்காக லேபர் ஆபிசில் கொடுத்த புகார் இதற்கும் சேர்த்துத்தான் என்று எண்ணிக் காத்திருந்து அந்த 60 நாளைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்யும் தம்பிகளுக்கு இதையெல்லாம் இவ்வளவு எளிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். அவர்களுடைய கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது 1966 ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஆனாலும் பெர்மிட் அந்த முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருப்பதால், புகார் கொடுப்பவர் பணயம் வைப்பது சம்பளத்தை மட்டுமல்ல. தனியாகப் போகாமல், தொழிற்சங்கத்தையோ புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு உதவும் அமைப்பையோ கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்வேன்.

புடவைக் கடைப் பெண் கடைசியில் புகார் கொடுத்துவிட்டார். அழைப்புக் கடிதம் கிடைத்ததும் முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "பாதியை வாங்கிக்கொண்டு புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள், தங்கச்சி" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் என்னிடம் வந்து, "அங்கிள், சம்மதிக்கலாமா?" என்று கேட்டார். அவருக்கு வாடகை இருக்கிறது, மகனுக்குப் பள்ளிப் பேருந்துக் கட்டணம் இருக்கிறது. முழுத் தொகைக்கும் போராடுங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், காத்திருக்கப் போவது அவர். ஆகவே பாதியா முழுவதா என்பதை அவரிடமே விட்டுவிட்டேன். எவ்வளவுக்குச் சம்மதித்தாலும் அதைக் கடையின் பின்புறத்தில் பேசி முடிக்காமல் அதிகாரியின் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், பணம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே புகாரைத் திரும்பப் பெறும் தாளில் கையெழுத்திட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். விசாரணை அடுத்த மாதம். நோட்டுப் புத்தகத்தை இன்னும் எழுதி வருகிறார்.