பெண் தெரபிஸ்டும் மனைவியை அடிக்கும் ஆணும்

மனைவியை அடிக்கும் ஆண்களுக்கான குழு கவுன்சிலிங்கைப் பெண்கள் நடத்தலாமா என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "அவங்களுக்கு எதுக்கு இந்த ஆபத்து" என்பார்கள். இல்லையென்றால் "பொம்பளை பேசினா அவன் மனசு இளகும்" என்பார்கள். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. குறிப்பாக இரண்டாவது. அந்த ஆளைச் சமாதானப்படுத்தும் வேலையை இன்னொரு பெண்ணின் தலையில் கட்டுவது அது.

வீட்டில் நடப்பதுதான் சின்ன அளவில் செஷனிலும் நடக்கும். கேள்வி கேட்டது பெண் தெரபிஸ்டாக இருக்கும், பதில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண் தெரபிஸ்டுக்குப் போகும். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா மேடம்?" என்பது சாதாரண விசாரிப்பு மாதிரி இருக்கும், ஆகவில்லை என்றால் "அப்ப உங்களுக்குப் புரியாது", ஆகிவிட்டது என்றால் "உங்க வீட்டுக்காரர் கொடுத்து வச்சவர்". இதில் எனக்கு மிக ஆபத்தாகத் தெரிவது பாராட்டு: "உங்களை மாதிரி அவளும் பொறுமையா பேசினா நான் ஏன் மேடம் கை நீட்டப்போறேன்?" இதற்கு லேசாகத் தலையாட்டினால் கூட, அடி விழுந்ததற்கு மனைவியின் பேச்சுதான் காரணம் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். வீட்டுக்குப் போனதும் "மேடமே சொல்லிட்டாங்க" என்று அது மனைவி மீதே ஆயுதமாகத் திரும்பும்.

அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980களின் தொடக்கத்தில் உருவான திட்டத்தில், இந்தக் குழுக்களை ஆணும் பெண்ணும் சேர்ந்து நடத்தும் வழக்கம் வந்தது. வன்முறைக்கு உள்ளான பெண்களிடம் கேட்டு அந்தத் திட்டத்தினர் வரைந்த 'அதிகாரமும் கட்டுப்பாடும்' என்ற சக்கர வடிவப் படத்தில் 8 ஆரங்கள், ஒவ்வொன்றும் அடிக்கும் ஆள் கையாளும் ஒரு வழி. அவற்றில் ஒன்று: குறைத்துச் சொல்வது, மறுப்பது, பழியைத் திருப்புவது. அந்த முறையின் பலன் பற்றி விவாதங்கள் உண்டு. ஆனாலும் இருவர் சேர்ந்து நடத்துவது சரி என்றே நினைக்கிறேன், ஆண் சக தெரபிஸ்ட் தன் வேலையைச் சரியாகச் செய்தால்.

பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். ஒருவர் எகிறிப் பேசியதும் "மேடம் என்ன சொல்ல வர்றாங்கன்னா..." என்று ஆண் குறுக்கே வருவார். நல்லெண்ணம்தான். ஆனால் ஆண் சொன்னால்தான் பேச்சு எடுபடும் என்பதை அந்த ஆறேழு பேருக்கும் அவரே காட்டிவிடுகிறார். "கேட்டது அவங்க. பதிலை அவங்ககிட்ட சொல்லுங்க." இவ்வளவு போதும், பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். செஷனை யார் தொடங்குவது, யார் முடிப்பது, விதி மீறலை யார் சொல்வது என்பதையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். கண்டிப்பெல்லாம் ஆணுக்கு, ஆறுதலெல்லாம் பெண்ணுக்கு என்று பிரிந்துபோனால் அது அப்பா அம்மா நாடகமாகிவிடும்.

"லேசா தள்ளினேன், அவ போய் விழுந்துட்டா" என்பது அடிக்கடி கேட்கும் வாக்கியம். முதல் பாதியில்தான் அந்த ஆள் இருக்கிறார், இரண்டாம் பாதியில் மனைவி தானாக விழுகிறார். அங்கே நின்று விவரம் கேட்க வேண்டும். ஒரு கையாலா, இரண்டு கையாலா? உடம்பில் எங்கே கை பட்டது? கதவுப் பக்கம் நின்றது யார்? குழந்தை எங்கே இருந்தது? கழுத்தில் கை வைத்ததுண்டா என்பதை நேரடியாகக் கேட்க வேண்டும். கழுத்தை நெரித்திருந்தால் பின்னாளில் கொலையில் முடியும் அபாயம் அதிகம். இதே கேள்விகளை ஆண் கேட்டால் விசாரணை, பெண் கேட்டால் "நீங்களும் பொம்பளைதானே, அவ பக்கம்தான் பேசுவீங்க" என்ற பதில் வரும். தற்காப்பில் இறங்க வேண்டாம். "நான் யார் பக்கம்னு அப்புறம் பேசலாம், உங்க கை எங்க பட்டுதுன்னு சொல்லுங்க" என்று கேள்விக்கே திரும்பலாம்.

இன்னொரு சறுக்கல் வெளியே தெரியாது. அவர் முகம் மாறுவதைப் பார்த்து தெரபிஸ்ட் கேள்வியை மென்மையாக்குவார், நேரமாகிவிட்டது என்று தள்ளிவைப்பார். அந்த மனைவி தினமும் செய்வது இதைத்தான். பயம் வருவது இயல்பு, அந்த ஆளின் அபாய அளவைப் பற்றி அது ஏதோ சொல்கிறது. சூப்பர்விஷனில், அதாவது அனுபவமுள்ள ஒருவரோடு உட்கார்ந்து செஷனை அலசும்போது, "இன்னைக்கு எந்தக் கேள்வியை விட்டோம், ஏன்?" என்று கேட்டால்தான் இது வெளியே வரும்.

நிறுவனம் செய்ய வேண்டியவை: தெரபிஸ்டின் நாற்காலி கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சொந்த போன் எண் யாருக்கும் போகக் கூடாது. குழு கலையும் நேரத்தில் பெண் தெரபிஸ்ட் தனியாக வெளியேற வேண்டியிருக்கக் கூடாது. மனைவியோடு தொடர்பில் இருப்பவர் வேறொரு பணியாளராக இருக்க வேண்டும். மனைவி சொன்ன எதுவும் செஷனில் கசியக் கூடாது, கசிந்தால் அடி வாங்கப்போவது மனைவிதான். உயிருக்கு ஆபத்து தெரிந்தால் ரகசியம் காக்க முடியாது என்பதை முதல் நாளே எழுத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். செஷனுக்குப் பிறகு இரண்டு தெரபிஸ்டுகளும் பேச அரை மணி நேரம், அதுவும் சம்பளம் வரும் வேலை நேரத்துக்குள். அந்த அரை மணி நேரத்தைத்தான் பட்ஜெட்டில் முதலில் வெட்டுகிறார்கள். அதை வெட்டும் இடத்தில் இந்தக் குழுவை நடத்த மாட்டேன் என்று சொல்ல ஒரு தெரபிஸ்டுக்கு முழு உரிமை உண்டு.