ஒயர் கழன்றது சரி, தூணுக்குக் காவல் எங்கே?

2024 மார்ச் 26 அதிகாலை அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் விழுந்ததை இன்னமும் “ஒரு ஒயர் செய்த வேலை” என்றே பலரும் எழுதுகிறார்கள். ஒயர் உண்மைதான். பாலத்தின் தூணில் மோதிய டாலி என்ற சரக்குக் கப்பலில் ஒரு சிக்னல் ஒயரின் முனையில் மாட்டிய லேபிள் உறை தள்ளி உட்கார்ந்திருந்தது. அது இடித்ததால் ஒயர் டெர்மினலுக்குள், அதாவது அதை மாட்டும் இணைப்புக்குள், முழுசாக இறங்கவில்லை. தொடர்பு விட்டதும் பிரேக்கர் டிரிப், கப்பல் இருட்டு. மின்சாரம் வந்து மறுபடியும் போனது. காரணம், ஜெனரேட்டருக்கு எரிபொருள் கொடுத்த பம்ப், கரண்ட் போனால் தானாகத் திரும்ப ஓடாத வகை. அந்த வேலைக்கான பம்ப்பே அல்ல அது.

ஆனால் கடலில் ஓடும் கப்பலுக்கு என்றாவது கரண்ட் போகத்தான் செய்யும். அதற்காகத்தான் தூணைச் சுற்றி, மோத வரும் கப்பலைத் தடுக்கும் காவல் கட்டுமானம் வேண்டும் என்கிறேன். 1980-இல் புளோரிடாவில் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தைக் கப்பல் இடித்து 35 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு கீ பாலத்தின் தூணிலும் ப்ளூ நகோயா என்ற கப்பல் மோதியது. 390 அடிக் கப்பல் என்பதால் பாலம் தாங்கிவிட்டது. டாலி 984 அடி! மோதல் அபாயத்தைக் கணக்கிடும் முறை 1991-இலேயே வந்துவிட்டது. 1977-இல் திறந்த இந்தப் பாலத்துக்கு யாரும் அந்தக் கணக்கைப் போடவில்லை. விழுந்த பிறகு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணை வாரியம் போட்டுப் பார்த்தால், அனுமதித்த அளவைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு அபாயம்.

பிறகு பட்ட பாடு கொஞ்சமா? சுமார் 50,000 டன் இடிபாடு, பாதி சேற்றில் புதைந்தது. கலங்கல் தண்ணீரில் டைவருக்கு ஓரிரு அடிக்கு மேல் கண் தெரியாது. ஒலியலையால் எடுக்கும் சோனார் படத்தை வைத்து மேலிருந்து வழி சொன்னார்கள். முறுகி இழுபட்டு நிற்கும் இரும்பை எங்கே வெட்டினால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் கப்பல் முகப்பில் கிடந்த பகுதியை ஆளை விட்டு வெட்டாமல் மே 13-இல் வெடி வைத்து அறுத்தார்கள். 700 அடி அகலம், 50 அடி ஆழத்துக்குக் கப்பல் போகும் கால்வாய் முழுசாகத் திறக்க ஜூன் 10 ஆனது. ஆபத்தான சரக்கு லாரிகளைத் துறைமுகத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைகளில் விடமாட்டார்கள் என்பதால் அவை இன்றும் ஊரைச் சுற்றித்தான் போகின்றன. புதுப் பாலத்துக்கு 430 முதல் 520 கோடி டாலர் ஆகும் என்கிறார்கள்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. கப்பலில் இருந்து வந்த எச்சரிக்கையால் போலீஸ் இரு பக்கமும் வண்டிகளை நிறுத்தியது. மேலே சாலைக்குழி அடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆறு பேர் இறந்துபோனார்கள். போலீசுக்குச் சொன்ன நேரத்திலேயே அவர்களுக்கும் சொல்லியிருந்தால், விழாத பகுதிக்கு வண்டியை ஓட்டிப் போக நேரம் இருந்திருக்கலாம் என்கிறது விசாரணை. கப்பல் கடக்கும் பாலத்தில் வேலைக்கு ஆள் ஏற்றினால், அவர்கள் கையில் அந்த எச்சரிக்கை நேராக ஒலிக்கும் ரேடியோ ஒன்று இருக்க வேண்டும். தூணுக்குக் காவல் கட்டும்வரை காத்திருக்காமல் நாளைக்கே கொடுக்கலாம்.