கல்லில் அச்சான மார்செல் லாண்டேர்

எண்ணெய் வண்ணத்தில் தீட்டியதுதான் ஓவியம், அச்சில் வந்ததெல்லாம் இரண்டாம் தரம் என்று இன்னமும் பலர் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கேட்டால், பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1895இல் கல் அச்சில் செய்த மார்செல் லாண்டேர் படத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

லாண்டேர் அன்றைய பாரிஸில் பெரிய நட்சத்திரம். கறாராகப் பார்த்தால் ஓபரா பாடகி என்று சொல்ல முடியாது. பாட்டும் ஆட்டமும் கேலியும் கலந்த ஓபரெட்டாதான் அவர் களம். அந்த வருடம் வரியெத்தே அரங்கில் 'ஷில்பெரிக்' என்ற பழைய ஓபரெட்டாவை மறுபடி மேடையேற்றினார்கள். அதில் ஸ்பானிய இளவரசியாக வந்து பொலேரோ ஆடுவார். லோத்ரெக் அதை 20 தடவை போல பார்த்தாராம். எதற்கு என்று நண்பர் கேட்டதற்கு, லாண்டேரின் முதுகைப் பார்க்கத்தான் என்றாராம். ஆள் அப்படி!

ஆனால் கல் அச்சில் அவர் பிடித்தது முகத்தை. இடுப்புக்கு மேலே மட்டும், செந்நிறக் கொண்டையில் பெரிய பூக்கள். மேடையின் முன்விளிம்பு விளக்கு கீழேயிருந்து அடிப்பதால் முகத்தில் நிழல் விழவேண்டிய இடத்தில் வெளிச்சம். அழகாக இல்லையே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முன்வரிசையில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு அவர் அப்படித்தான் தெரிந்திருப்பார்.

மொத்தம் எட்டு வண்ணம். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனியாகக் கல்லில் வரைந்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிக்க வேண்டும். கொழுப்பு மையால் வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், ஈரமான இடம் தள்ளிவிடும், தொழில்நுட்பம் அவ்வளவுதான். ஆனால் தாள் மயிரிழை நகர்ந்தாலும் உதடு ஓரிடம், சிவப்பு ஓரிடம் என்று ஆகிவிடும். லோத்ரெக் கிரேயானோடு நிற்காமல், மையைத் தூரிகையிலிருந்து தெறிக்கவும் விட்டார். அந்தப் பொடிப்புள்ளிகளில்தான் மேடை வெளிச்சமே இருக்கிறது. (கல் அச்சைக் கண்டுபிடித்த செனெஃபெல்டரும் நாடகக்காரர்தான். தன் நாடகங்களை மலிவாக அச்சடிக்க வழி தேடியவர்.)

'ஷில்பெரிக்' நாடகத்தை லோத்ரெக் பெரிய எண்ணெய் ஓவியமாகவும் தீட்டினார். இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. பிரமாதமான படம், மறுக்கவில்லை. ஆனால் அதில் ராஜாவும் பரிவாரமும் இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள். இந்த அச்சுப் படத்தில் லாண்டேர் மட்டும்தான். இதை அந்த ஓவியத்தின் நகல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அச்சுக்கென்றே தனியாக வரைந்தது. அச்சான ஒவ்வொரு தாளும் அசல்.

பெர்லினிலிருந்து வந்த 'பான்' கலை இதழில் இது ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாள்களாக வெளியானது. அங்கே பெரிய சலசலப்பு. இதைச் சேர்த்த ஆசிரியர் மையர்-கிரேஃபெவின் பதவியே போனது. நான் அந்த இதழை நினைவில் வைத்திருப்பதே அவர் சேர்த்த இந்த ஒரு தாளுக்காகத்தான்.